காத்தாடிக் கொக்கியில் தொங்கிய அரிசி

வயர்மேன் மூன்று வாரமாக ‘நாளைக்கு வந்துடுறேம்மா’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனுசன்தான், வேலையும் சுத்தம். ஆனால் தீபாவளி நெருங்கினால் போதும், எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் லைட்டும் காத்தாடியும் மாற்ற வேண்டும் என்று தோன்றிவிடும், ஒரு ஆள் எத்தனை வீட்டுக்குத்தான் ஓடுவார். நாலாவது வாரம் நானே ஏணியில் ஏறிவிட்டேன்.

ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில். வெளியூர்க்காரரிடம் சொன்னால் ‘ஓ, சம்பந்தன் ஊரா’ என்பார்கள், முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தனைத்தான். சுற்றிலும் முன்பு பால்மரம், அதாவது ரப்பர், இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனை, எண்ணெய்ப் பனை. தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்கள் டவுனைச் சுற்றியுள்ள தாமான் என்கிற குடியிருப்புகளில் சின்னச் சின்ன வரிசை வீடுகளாகப் பார்த்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்தன, நாங்களும் அப்படித்தான். இரண்டு அறை, ஒரு ஹால். மாடி கிடையாது. அதாவது தலைக்கு மேலே கான்கிரீட் கிடையாது, மெல்லிய சீலிங் பலகை, அதற்கு மேலே மரச்சட்டம், அதற்கு மேலே ஓடு. இதை ஏன் சொல்கிறேன் என்று கொஞ்சம் பொறுத்தால் புரியும்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே காத்தாடி என்றால் பட்டம் இல்லை, ஃபேன்.

ஹாலில் இருந்தது கேடிகே காத்தாடி, 60 அங்குலம், மூன்று இறக்கை. வீட்டுக்குக் குடிவந்த வாரமே அப்பா வாங்கி மாட்டச் சொன்னது. 27 வருசம் ஓடியது. ஒரு காத்தாடியிடம் இதற்கு மேல் என்ன கேட்க முடியும். கடைசி ஒரு வருசமாகத்தான் அதற்கு மூச்சு வாங்கியது, ஐந்தில் வைத்தாலும் இரண்டில் வைத்ததுபோல் சுற்றும். அப்புறம் ஒரு சத்தம், டக், டக், டக் என்று, சரியாக ராத்திரி எல்லோரும் படுத்த பிறகுதான் கேட்கும்.

மெதுவாகச் சுற்றினால் உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். முக்கால்வாசி நேரம் அது கெப்பாசிட்டர் வேலைதான். வீட்டுக்கு வருகிற சிங்கிள் ஃபேஸ் கரண்ட்டால் மட்டும் அந்த மோட்டார் தானாகச் சுற்றத் தொடங்காது, உள்ளே இரண்டு சுருள் இருக்கும், ஒன்றுக்குப் போகிற கரண்ட்டைக் கொஞ்சம் முன்பின்னாகத் தள்ளிக் கொடுத்தால்தான் சுழற்சி பிறக்கும், அந்தத் தள்ளலைச் செய்வது கெப்பாசிட்டர். வருசம் ஆக ஆக அது வற்றிப்போகும். பழையதில் எழுதியிருக்கிற மைக்ரோஃபாரட் எண்ணைப் பார்த்து அதே அளவில் வாங்க வேண்டும், பெரிசாகப் போட்டால் வேகமாகச் சுற்றும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், மோட்டார் சூடேறும். எனக்கு எட்டு வெள்ளியில் (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வேலை முடிந்தது. வேகம் திரும்பியது. டக் டக் மட்டும் போகவில்லை, இன்னும் வேகமாக டக்கியது.

அந்தச் சத்தத்தைத் தேடித்தான் மேலே உள்ள கிண்ணத்தை இறக்கினேன். தண்டுக்கு உச்சியில், சீலிங்கை ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் கவிழ்ந்திருக்குமே, அதுதான். 27 வருசத்தில் இறக்கையை எத்தனையோ தடவை துடைத்திருக்கிறேன், அந்தக் கிண்ணத்துக்குள்ளே எட்டிப் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள், பந்தயம் கட்டுகிறேன்.

உள்ளே இரும்புக் கொக்கி. கொக்கிக்கும் காத்தாடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் உருளை இருக்க வேண்டும், அதிர்வைத் தாங்குவதற்காக. அது பொரிஞ்சு, பழைய பிஸ்கட் மாதிரி பொலபொலவென்று என் முகத்தில் கொட்டியது. ரப்பர் போனபிறகு இரும்பும் இரும்பும் உரசியிருக்கின்றன. எவ்வளவு நாளோ தெரியாது. சுண்டுவிரல் மொத்தத்துக்கு இருந்த கொக்கியின் உள்வளைவு, காத்தாடி தொங்குகிற அந்த ஒரே இடத்தில், பாதிக்குமேல் தேய்ந்து கரடி நகம்போலக் கூராக நின்றது. தேய்ந்த இடம் மட்டும் துருப்பிடிக்காமல் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் வயிறு என்னவோ செய்தது. துருப்பிடித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன், பளபளப்பு என்றால் இப்போதும், நேற்று ராத்திரியும், தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

பாதுகாப்புக் கம்பி என்று ஒன்று உண்டு, கொக்கி விட்டாலும் காத்தாடியைப் பிடித்துக்கொள்கிற ஸ்டீல் கயிறு. எங்கள் வீட்டில் அது மாட்டப்படவே இல்லை. வந்த நாளில் கட்டியிருந்த ரப்பர் பேண்டோடு கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கிடந்தது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா பால்மரம் சீவியவர். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஹாலில்தான் பாய்போட்டுப் படுப்பார், ஆனால் ஒரு நாள்கூடக் காத்தாடிக்கு நேர் கீழே படுத்ததில்லை, சுவரோரமாகத்தான். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். ‘விழுந்தா உன் மேலதான் விழணுமா’ என்று அப்பா கேலி செய்வார். அம்மா ஏணியில் ஏறிக் கொக்கியைப் பார்த்தார், தேய்ந்த இடத்தைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார், இறங்கி அடுப்படிக்குப் போய்விட்டார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

சரி, பழையது வேண்டாம், புதுசே வாங்கலாம் என்று முடிவானது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தீபகற்ப மலேசியாவில் வீட்டு ஒயரிங் வேலை 1990-ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டத்துக்குக் கீழ் வருகிறது, புது ஒயர் இழுப்பது, புது பாயிண்ட் போடுவது எல்லாம் சூருஹான்ஜாயா தெனாகா என்கிற எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. நான் செய்தது ஏற்கெனவே இருந்த பாயிண்டில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டியது. ஒயர் கருகியிருந்தாலோ, மேலுறை வெடித்திருந்தாலோ அங்கேயே கையை எடுத்துவிடுவது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

கொக்கி வாங்க டவுனில் சீனர் இரும்புக் கடைக்குப் போனேன். ‘சங்குக் கிப்பாஸ்’ என்று மலாயில் காத்தாடிக் கொக்கி கேட்டதும் கடைக்கார அப்பேக், அந்தச் சீனப் பெரியவர், என்னைப் பார்க்காமல் என் பின்னால் யாராவது ஆம்பளை நிற்கிறாரா என்று பார்த்தார். இல்லை. அப்புறம்தான் டிராயரைத் திறந்தார். போனில் எடுத்திருந்த பழைய கொக்கியின் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு ‘வா, நசிப் பாய்க்’ என்றார். நல்ல நேரம் என்று. பழையதைவிட ஒரு சுற்று மொத்தமான, துத்தநாகம் பூசிய கொக்கி, இரண்டு நட்டு, பெரிய வட்ட வாஷர், எல்லாம் சேர்ந்து பத்து வெள்ளிகூட ஆகவில்லை. காத்தாடிக்கு இருநூறு வெள்ளி கொடுக்க யோசிக்காத நாம் அதைத் தாங்குகிற இரும்பை மட்டும் பழையதே போதும் என்று விட்டுவிடுகிறோம். காத்தாடிப் பெட்டியில் சிரிம் என்கிற தரச்சான்று ஸ்டிக்கரும் மின்சாரச் சிக்கனத்தைக் காட்டுகிற நட்சத்திர ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஆன்லைனில் பாதி விலைக்கு வருவதில் சிலவற்றுக்கு இரண்டும் இருப்பதில்லை.

கொக்கியின் மறுமுனை சீலிங்குக்கு மேலே மரச்சட்டத்தில் நட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். அதனால் கூரைக்குள்ளே ஏறித்தான் ஆக வேண்டும். பகலில் முடியாது, ஒன்பது மணி தாண்டினால் ஓட்டுக்குக் கீழே ரொட்டி சுடலாம். ‘பெரட்டுக்குப் போற நேரத்துல ஏறு’ என்றார் அம்மா. பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுப்பது. விடியுமுன் எழுந்து வெயில் ஏறுவதற்குள் மரம் சீவி முடிப்பதுதான் அவர் அறிந்த வேலை நேரம், குளிர்ச்சியில்தான் பாலும் நன்றாக இறங்கும். சனிக்கிழமை ஆறு மணி, வெளியே கும்மிருட்டு. 1982-இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து இங்கே ஏழு மணிக்குத்தான் பொழுது விடிகிறது. டார்ச் லைட்டை வாயில் கடித்துக்கொண்டு ஏறப் போனேன். அம்மா அலமாரி மேல்தட்டிலிருந்து ஒரு மைலோ டின்னை இறக்கினார். உள்ளே அவருடைய பழைய நெத்தி லைட்டு, மரம் சீவப் போகும்போது கட்டிக்கொண்டு போனது. ரப்பர் பட்டை தளர்ந்திருந்தது, ஒரு முடிச்சுப் போட்டார், புதுப் பேட்டரி போட்டதும் எரிந்தது. என் தலையில் அவரே கட்டிவிட்டு, கண்ணுக்கு முன்னால் எங்கே வெளிச்சம் விழ வேண்டுமோ அங்கே சாய்த்து வைத்தார். சீவுகிற வெட்டுக்கு நேராக விழுவது அந்தச் சாய்வு. மரச்சட்டத்து நட்டுக்கும் அதுவே சரியாக இருந்தது.

மேலே ஏறுகிறவர்களுக்கு: மரச்சட்டத்தில் மட்டும் கால் வையுங்கள், பலகையில் வைத்தால் நேராக ஹாலுக்கு வந்துவிடுவீர்கள். பழைய வீடென்றால் அந்தப் பலகை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதைத் துளைக்கவோ அறுக்கவோ உடைக்கவோ கூடாது, தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நான் முகமூடி போட்டுக்கொண்டு பழைய ஓட்டையையே பயன்படுத்தினேன். சட்டத்தில் கறையான் இருக்கிறதா என்று திருப்புளியால் நாலு இடத்தில் குத்திப் பார்த்தேன், மரம் கெட்டி. நட்டு துருவேறி அசையவில்லை, முதல் நாள் ராத்திரியே டபிள்யூடி-40 அடித்து வைத்திருந்தேன், இருந்தும் பத்து நிமிசம் போராட்டம். புதுக் கொக்கியை விட்டு, வாஷர் போட்டு, ஒரு நட்டை இறுக்கி அதன் மேல் இன்னொரு நட்டையும் இறுக்கினேன். அதிர்வில் ஒற்றை நட்டு மெல்லக் கழன்றுவிடும், இரண்டு ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும்.

இறங்கி வந்தபோது பக்கத்து வீட்டு மாமா வாசலில் நின்றார். அவர் அந்தக் காலத்தில் தோட்டத்து இஞ்சின்காரர். லயத்துக்கெல்லாம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கெல்லாம், கரண்ட் கொடுக்கிற ஜெனரேட்டர் அவர் கையில் இருந்தது, சாயங்காலம் ஆறுக்கு ஓட்டிப் பத்துக்கு நிறுத்துவார், நிறுத்துவதற்கு முன் ஒரு தடவை மினுக்கிக் காட்டுவார், அதற்குள் பாத்திரத்தைக் கழுவி விளக்கைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும். பத்து மணிக்குமேல் லயத்தில் காற்று வேண்டுமென்றால் காலண்டர் அட்டைதான்.

“கொக்கிய மாத்திட்டியா பாப்பா?”

“மாத்திட்டேன் மாமா. கெட்டியா இருக்கு.”

“கெட்டின்னு யார் சொன்னா?”

நான் கையால் இழுத்துப் பார்த்ததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “வீட்டுல அரிசி இருக்கா? பத்துக் கிலோ மூட்டை ரெண்டு எடு.”

காத்தாடி எடை ஐந்தாறு கிலோ. ஆனால் சுற்றும்போது ஆடும், ஆட்டத்தில் இழுவை கூடும், அதனால் நிற்கிற எடையைப்போல மூன்று மடங்காவது ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த இரண்டு மூட்டையையும் நைலான் கயிற்றில் கட்டித் தூக்கினோம். அம்மாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. “நல்ல நாள் வர்ற நேரத்துல அரிசியப் போயி தூக்குல தொங்க விடுவாங்களா.” சொல்லிக்கொண்டே கீழே தன் பாயை விரித்தார், ஒரு மணி சிந்தினாலும் தரையில் படக் கூடாது என்று. அன்று ராத்திரி ஹால் நடுவில் அரிசி தொங்கியது, அம்மா பாயில்லாமல் துண்டை விரித்துச் சுவரோரம் படுத்தார், காற்றும் இல்லை, வேர்த்துக்கொட்டியது. வெக்கைக்கு அவர் எப்போதும் 1998-ஐத்தான் உதாரணம் சொல்வார். அந்த வருசம் ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி அடித்தது, எங்கள் ஊரிலும் கோழிகூட நடக்கவில்லை என்பார். அன்று ராத்திரி ‘தொண்ணூத்தெட்டு தேவலாம்’ என்று முனகியது எனக்குக் கேட்டது.

காலையில் மூட்டை அப்படியே இருந்தது. மேலே ஏறி நட்டுக்குப் போட்டிருந்த பேனாக் கோட்டைப் பார்த்தேன், இம்மியும் நகரவில்லை.

ஒயர் மாட்டுவது இதோடு பார்த்தால் சின்ன வேலை, ஆனால் சாவு அதில்தான் இருக்கிறது. சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், எந்தக் காலத்திலோ யாரோ சுவிட்சைச் சிவப்பில் போடாமல் கருப்பு நியூட்ரல் ஒயரில் போட்டிருந்தால் அணைத்த பிறகும் மேலே கரண்ட் நிற்கும். மெயினையே இறக்கினேன். டெஸ்ட் பென்னை முதலில் கரண்ட் உள்ள பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டு, மெயினை இறக்கி, காத்தாடி ஒயரில் வைத்துப் பார்த்தேன். அது எரியாததற்குக் காரணம் கரண்ட் இல்லாததா, பென்னே செத்துப்போனதா என்று தெரிய வேண்டுமே. மெயின் பெட்டியில் ‘டி’ (T) என்று ஒரு பட்டன் இருக்கும், கரண்ட் கசிந்தால் வீட்டையே அணைக்கிற கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு. மாதம் ஒரு தடவை அமுக்குங்கள். எங்கள் வீட்டில் இடி இடித்தால் மட்டுமே அது தானாக விழும், நானாக அமுக்கியது அன்றுதான் முதல் தடவை.

சுவரிலிருந்து வருவது சிவப்பு, கருப்பு, பச்சை. காத்தாடியில் இருப்பது பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். சிவப்பும் பழுப்பும் கரண்ட் வருகிற லைவ், கருப்பும் நீலமும் நியூட்ரல், பச்சையும் பச்சை-மஞ்சளும் எர்த். பழைய காத்தாடியை மாட்டியவர் பச்சை ஒயரை மடித்து டேப் சுற்றி மூலையில் செருகியிருந்தார். 27 வருசம் எர்த் இல்லாமலே ஓடியிருக்கிறது. பிரித்துப் பார்த்தேன், செம்பு இன்னும் பளிச்சென்று இருந்தது, மீட்டரில் வைத்தால் மெயின் பெட்டி வரைக்கும் தொடர்பும் இருந்தது. மாட்டினேன். ரெகுலேட்டரையும் பெட்டியோடு வந்த புதுசையே போட்டேன், பழையதில் புது மோட்டாரை ஓட்டினால் சிலதில் உறுமும்.

தண்டைக் கோத்த போல்ட்டில் ஒரு பிளவு ஊசி வரும், அதன் இரண்டு காலையும் விரித்து மடக்க வேண்டும். இந்த ஊசியை ‘அப்புறம் மடக்கலாம்’ என்று விட்டுவிட்டு மறந்தவர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்புக் கம்பியைக் கொக்கியில் கோக்காமல் மரச்சட்டத்தில் தனியாகப் போட்ட இன்னொரு வளையத்தில் கோத்தேன், கொக்கியையே நம்பி இருக்கிற கம்பி கொக்கி போனால் என்னத்தைப் பிடிக்கும். கிண்ணத்தைச் சீலிங்கில் முட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினேன். இறக்கை தரையிலிருந்து 2.3 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது, அதற்காக எங்கள் வீட்டுக்குக் குட்டைத் தண்டு.

மெயினைப் போட்டு, ஒன்றில் வைத்தேன். சுற்றியது. கீழிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை, காற்றும் கீழே வந்தது. மூன்றில் வைத்தால் ஆட ஆரம்பித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, மாமாதான் “நிப்பாட்டு, விளக்கமாத்துல ஒரு குச்சி உருவு” என்றார். ஈர்க்குச்சியைச் சீலிங்கில் முட்டக் கொடுத்து, முதல் இறக்கை நுனி வரும் இடத்தில் நகத்தால் கீறினோம், இறக்கையைக் கையால் தள்ளித் தள்ளி மற்ற இரண்டையும் அதே இடத்தில் பார்த்தோம். ஒன்று மட்டும் அரிசி மணி அகலத்துக்குத் தாழ்ந்திருந்தது, அதன் திருகாணி பாதிதான் இறுகியிருக்கிறது. இறுக்கியதும் முக்கால்வாசி ஆட்டம் நின்றது. மிச்சத்துக்குப் பத்துக்காசு நாணயம் ஒன்றை இறக்கையின் முதுகில் டேப் போட்டு ஒட்டினோம். முதல் இறக்கையில் ஒட்டியதும் ஆட்டம் கூடியது, இரண்டாவதில் ஒட்டியதும் அடங்கியது. அந்தக் காசு இன்னும் மேலேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 70 வாட், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், மாதம் 21 யூனிட். ரொம்ப வருசம் முதல் 200 யூனிட்டுக்கு 21.80 காசு என்று இருந்த விலையில் பார்த்தாலே ஐந்து வெள்ளிக்குள். ஆனால் ஆளில்லாத ஹாலில் ஓடவிடாதீர்கள், காத்தாடி அறையைக் குளிர வைக்காது, வேர்வையைக் காய வைத்து நம்மைத்தான் குளிர வைக்கும்.

அம்மா இன்னும் சுவரோரம்தான் படுக்கிறார். நான் எதுவும் கேட்கவில்லை. மூன்றில் வைத்தால் குளிருகிறது என்று இரண்டுக்குக் குறைக்கிறார், அவ்வளவுதான் மாற்றம்.

ஒரு வாரம் கழித்து எல்லாத் திருகாணியையும் மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தேன், புதுசில் கொஞ்சம் தளரும். மாமா வந்து நின்றார். அவர் வீட்டுக் காத்தாடியும் டக்குகிறதாம். எத்தனை வருசம் ஆச்சு மாமா என்றேன், உங்க அப்பாவும் நானும் ஒரே நாள்ல ஒண்ணா வாங்கினது என்றார். யார் மாட்டியது என்று கேட்கவில்லை, தெரியும், ஒரே ஆள்தான்.

“அரிசி இருக்கா மாமா?”

“நாங்க ரெண்டு பேரு, அஞ்சு கிலோ வாங்குறதே மாசம் ஓடுது பாப்பா.”

தீபாவளி முடிந்து எங்கள் வீட்டில் ஒன்றரை மூட்டை மிச்சம் இருந்தது. அம்மா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.